பதரை யார் தூற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "கருத்துச் சுதந்திரம் என்றால் பொய்க்கும் கொஞ்சம் இடம் இருக்கத்தான் செய்யும், உமியை வாசகர் தூற்றிக்கொள்வார்" என்று சென்ற ஞாயிற்றுக்கிழமைத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். நெல்லைத் தூற்றினால் பறப்பது பதர், உமி இல்லை. அது கிடக்கட்டும். தூற்றுகிற வேலையும் எங்களுடையது என்றால் காசு கொடுத்துப் பத்திரிகை எதற்கு வாங்குகிறோம்? ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் என் நெல்லைத் தொடவே மாட்டார்கள். உங்கள் அலுவலகத்துக்கு வரும் செய்தியை எந்தக் கருவியில் வைத்துப் பார்க்கிறீர்கள்?

நான்கு வருடத்துக்கு முன், மேட்டூர் திறந்த அந்த வாரத்திலேயே, கல்லணையில் பூவும் நெல்லும் தூவுகிற படத்தைப் போட்டு 'கடைமடை வரை காவிரி' என்று தலைப்பு வைத்தீர்கள். கல்லணை எங்கே, கடைமடையில் கிடக்கும் எங்கள் தலைஞாயிறு எங்கே! அதை நம்பி நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும், ஆற்றுத் தண்ணீர் வந்துவிடும் என்று, குளத்தில் கிடந்ததை இறைத்து நாற்று விட்டோம். தண்ணீர் வந்து சேர்ந்தபோது நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கள் பக்கத்து ஆற்றின் பெயர் அரிச்சந்திரா நதி. நான் வைத்த பெயர் இல்லை, வெண்ணாற்றுப் பாசன வரைபடத்தில் பாருங்கள்.

திருத்தம் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். பதினோரு நாள் கழித்து ராசிபலனுக்கு அடியில் மூன்று வரி வந்தது: 'சில இடங்களில் தாமதம்.' என் வயலுக்கு அன்றுதான் 'சில இடங்கள்' என்று பெயர் சூட்டினீர்கள். நன்றி.

பொய்க்கு அவ்வளவு தாராளமாக இடம் கொடுத்தவர்கள், போன சம்பா அறுவடையில் நான் எழுதிய உண்மைக்கு என்ன செய்தீர்கள்? கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வைத்தால்தான் எடை போடுகிறார்கள் என்று, வாங்கியவர் பெயரோடு எழுதினேன். குறைதீர் நாள் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னதைத்தான் எழுதினேன். "வக்கீல் நோட்டீஸ் வரும் ஐயா" என்றார் உங்கள் உதவி ஆசிரியர், மரியாதையாகத்தான்.

அவர் பயந்ததில் தவறில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவதூறு பற்றி 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும் சொல்வது ஒன்றுதான்: உண்மை என்று காட்டினால் மட்டும் தப்ப முடியாது, அதை வெளியிட்டது பொது நன்மைக்கு என்றும் காட்ட வேண்டும். 2016இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றுவிட்டது. நீங்கள் அறியாததா? ஆனால் தலையங்கத்தில், அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவில் கருத்துச் சுதந்திரம் தரும் முதல் பாதியோடு பேனாவை மூடிவிட்டீர்கள். அவதூறு என்ற சொல், அதற்கு வரம்பு போடும் இரண்டாம் பாதியில் இருக்கிறது. ஆக, ஊர் பேர் இல்லாத பொய்க்குச் சுதந்திரம், பெயரோடு வரும் உண்மைக்கு வக்கீல் நோட்டீஸ். மூட்டைக்குக் காசு வாங்குவதை எழுதுவது பொது நன்மை இல்லையென்றால் வேறு எது?

கேட்க வந்தது சின்ன விஷயம். முன்பெல்லாம் கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடத்தில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று தினமும் ஒரு சின்னக் கட்டத்தில் போடுவீர்கள். ராசிபலனைப் பெரிதாக்கியபோது அதை எடுத்துவிட்டீர்கள். அந்த நான்கு வரியைத் திரும்பப் போடுங்கள்.

பெயரும் முகவரியும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அறுத்த நெல் இன்னும் களத்தில் கிடப்பதால் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்,
தலைஞாயிறு பக்கம்