கத்திக்கு முன் ஒரு படம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உடலை அறுக்காமல் சி.டி. ஸ்கேன் மூலமே சாவுக்குக் காரணம் கண்டறிவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். முப்பது வருஷம் அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவன் நான். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கிய முறை, 2021இல் டெல்லி எய்ம்ஸுக்கும் வந்துவிட்டது என்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் இனிக் கத்தியே வேண்டாம் என்கிற தொனிதான் கொஞ்சம் இடிக்கிறது.

நம் டெல்டாவில் மார்ச்சுவரிக்கு வருகிற உடல்களை நினைத்துப் பாருங்கள். பூச்சிமருந்து குடித்தவர், அரளி விதையை அரைத்துக் குடித்தவர், வயல் வரப்பில் பாம்பு கடித்தவர். விஷம் ஸ்கேனில் தெரியாது. இரைப்பை, ஈரல், சிறுநீரகம் என்று எடுத்து உப்புக் கரைசலில் போட்டு ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். மாரடைப்பிலும் ஸ்கேன் சறுக்கும். 2012இல் லான்செட் இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வில், சி.டி. சொன்ன காரணத்துக்கும் அறுத்துப் பார்த்ததற்கும் 32 சதவீத உடல்களில் பெரிய வித்தியாசம் இருந்தது. கொள்ளிடத்தில் மூழ்கியவரின் மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளில் தண்ணீர் தெரியும், சரி. இறந்தபின் ஆற்றில் விழுந்த உடலிலும் அது இறங்கியிருக்கலாமே?

அப்புறம் எதற்கு ஸ்கேன்? கத்தி கலைத்துவிடுகிற சிலதை அது பிடித்து வைக்கும். கழுத்து வெட்டுப்பட்டு ரத்தக்குழாயில் காற்று புகுந்திருந்தால் படத்தில் பளிச்சென்று தெரியும்; அறுக்கும்போது அது தப்பிவிடலாம். எலும்பு முறிவுகளும் உள்ளே தங்கிய குண்டும் இருந்த இடத்திலேயே பதிவாகும். சந்தேகச் சாவென்று உடலை வாங்க மறுத்துச் சொந்தக்காரர்கள் மறியல் செய்வதும், மறு பிரேதப் பரிசோதனை கேட்டு நீதிமன்றம் போவதும் நமக்குப் புதிதல்ல. ஏற்கெனவே அறுத்துத் தைத்த உடலில் இரண்டாவது டாக்டர் எவ்வளவுதான் பார்ப்பார்? முதல் கத்தி படுவதற்கு முன் எடுத்த படம் இருந்தால், உடலை எரித்த பிறகும் வேறொருவர் திறந்து பார்க்கலாம்.

என் மைத்துனர் பைக் விபத்தில் போனபோது பிணவறை வாசலில் மறுநாள் மதியம்வரை கிடந்தோம். அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "மாப்பிள்ளை, முகத்தையாவது விட்டுவைப்பாங்களா?" காதிலிருந்து காதுவரை உச்சந்தலையில்தான் கீறுவார்கள், முகத்துக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் எந்த வாயால் சொல்ல? மண்டை உடைந்தது வெளியிலேயே தெரிந்த கேஸ் அது. படம் ஒன்றே போதும் என்று டாக்டர் முடிவெடுக்க இடமிருந்தால், அந்த உடல் முழுதாகவே வீட்டுக்கு வந்திருக்கும்.

மெஷின் வாங்கிப் போட்டால் மட்டும் முடிந்துவிடாது. உயிருள்ளவர் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இறந்தவர் படம் ஏமாற்றும். ரத்தம் நுரையீரலின் அடிப்பக்கம் தேங்கும். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே வாயு கட்டும். இரண்டையும் காயமென்றோ நோயென்றோ எழுதிவிடலாம். ஆகவே ஸ்கேன் டாக்டரும் தடயவியல் டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். பகலில் ஸ்கேன் அறை வாசலில் உயிருள்ளவர்களே வரிசையில் நிற்கிறார்கள், அவர்களைத் தள்ளச் சொல்லவில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், விபத்துச் சாவுகளுக்கு மட்டுமாவது, கூட்டம் குறைந்த ராத்திரி நேரத்தில் தொடங்கலாம். அதற்குத் தனி டெக்னீஷியன் போட வேண்டும். ஏற்கெனவே நைட் டியூட்டி பார்க்கிறவர் தலையில் இதையும் கட்டக் கூடாது.

– ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்