வில்லுக்காரி லெட்சுமி பேச்சிக்கு எழுதுவது

அம்பாசமுத்திரம்
வைகாசி, செவ்வாய்

ஏட்டி பேச்சி,

ஒன்றரை வருஷம் கழித்து எழுதுகிறேன். நீ திட்டுவதை எல்லாம் வாங்கிக்கொள்கிறேன். மூட்டுவலி எப்படி இருக்கிறது? பேரன் நடக்கிறானா? இங்கே எல்லாரும் சுகம். அண்ணாவி வீட்டு ஆச்சி மட்டும் மாசியில் போய்விட்டாள். கடைசிவரை "குடத்துக்காரி வந்தாளா" என்று உன்னைத்தான் கேட்டாள். ஜால்ரா மணி இன்னும் தாளத்துக்கு முந்தித்தான் போகிறான். சங்கரன்கோவில் சேவல் கதையைப் புதுப்பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறான், உன் பெயரோடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

சித்திரையில் ஒரு கோயில் கொடை, வில்லுப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர் பெயர் வேண்டாம். கோயிலில் பட்டவராயனுக்கும் பீடம் உண்டு, அதனால் அந்தச் சாமி முத்துப்பட்டனாக இருந்த கதையைக் கேட்டிருந்தார்கள், அய்யர் வீட்டுப் பிள்ளை செருப்புத் தைக்கிற வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா திம்மக்காவைக் கட்டின கதை. மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். "அக்கா, பொம்மக்கா திம்மக்காவைப் பகடை பெத்த பிள்ளைகள்னு பாடிராதீங்க. அய்யர் வீட்டுக் குழந்தைகள் காட்டுல கெடந்துச்சு, அவன் எடுத்து வளர்த்தான்னு ஒரு பாட்டு இருக்குல்லா, அதைப் பாடுங்க. பதினொன்றரைக்கு முடிச்சிருங்க, அப்புறம் ஆடல் பாடல் இருக்கு." பேசினதுக்கு மேலே 2,000 ரூபாய் கூடத் தருவதாகவும் சொன்னார்கள்.

பாடிவிட்டேன், பேச்சி.

உடுக்கைக்காரனுக்குச் சம்பளம், வேன் வாடகை, கொரோனாவில் இரண்டு வருஷம் வில்லைப் பரணில் போட்டதில் ஏறின கடன். காரணம் எத்தனை வேண்டுமானாலும் சொல்லுவேன். ஆனால் உன்னிடம் சொல்லும்போது ஒன்றுகூட நிற்கவில்லை.

பாடிக்கொண்டே போகிறேன். பட்டன் கொட்டாரக்கரையிலிருந்து மலை இறங்குகிறான், பெண்கள் பாட்டைக் கேட்கிறான், மயங்கி விழுகிறான், எல்லாம் சரியாகத்தான் போனது. குடுமி அறுக்கிற இடம் வந்ததும் எனக்கே சரிப்படவில்லை. பெண்கள் அவன் சாதிதான் என்று முன்னாலேயே பாடிவிட்டேனே, அப்புறம் அவன் எதற்குக் குடுமியை அறுக்கணும், பூணூலைக் கழற்றணும், செருப்புத் தைத்துக் கொண்டுபோய் விற்கணும்? அண்ணன்மார் எதற்கு அவனைக் கல்லால் கட்டின அறையில் அடைக்கணும்? ஒரே ஒரு பிறப்பை மாற்றினேன், கதையில் பாதிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வீசுகோல் இரண்டு முறை நாணில் படாமல் குடத்தில் பட்டது. சனம் கவனிக்கவில்லை. குடம் அடிக்கிற பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அதைவிடப் பெரிய கூத்து, சாமியை அழைக்கிற வரத்துப்பாட்டு எடுத்ததும் சாமி வந்துவிட்டார். சாமியாடுகிற கோமரத்தாடி எப்போதும்போலத் துள்ளி எழுந்து ஆடினார். பொய்யாய்ப் பாடினால் வரமாட்டார் என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். வந்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

போன மாதம் கல்லூரியில் ஆராய்ச்சி பண்ணுகிற பெண் ஒருத்தி பதிவு செய்ய வந்தாள். அவளிடம் மெதுவாகக் கேட்டேன். பாளையங்கோட்டை வானமாமலை வாத்தியார் 1971-இல் இந்தக் கதையைப் பதிப்பித்தபோதே, அய்யர் வீட்டுக் குழந்தை என்பது பிற்பாடு ஒட்டவைத்தது என்று எழுதிவிட்டாராம். நமக்கு ஆசான் வாயால் சொன்னதை அவர் புத்தகத்தில் போட்டிருக்கிறார். போன ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்கு வந்த செருப்புகளை நின்று பார்த்தேன். காணிக்கைச் செருப்பு அடுத்த வருஷத்துக்குள் தேய்ந்திருக்கும், ராத்திரி சாமி போட்டுக்கொண்டு நடக்கிறார் என்பார்களே. தைத்த கையை விட்டுவிட்டுச் செருப்பை மட்டும் எப்படிக் கும்பிடுகிறார்கள்? நானும்தான்.

உங்க அய்யா நினைப்புதான் எனக்கு. என் வில்லில் பூட்டியிருப்பது இன்றைக்கும் அவர் முறுக்கிக் கொடுத்த தோல்நாண். பந்தலுக்கு வெளியே, வெளிச்சம் முடிகிற இடத்தில் நிற்பார். இடுப்பில் கட்டியிருக்கிற துண்டை, வாலப்பகடை பேசுகிற இடம் வந்ததும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார். அந்த ஒரு பாட்டு முடிகிற வரைக்கும்தான். நீ குடம் அடித்துக்கொண்டே என்னை முழங்கையால் இடித்துக் காட்டுவாய். அன்றைக்குப் பந்தலுக்கு வெளியே நான் பார்க்கவே இல்லை, யாராவது நின்றிருப்பார்களோ என்று.

நாம் என்னவெல்லாம் பட்டு இந்த மேடையில் உட்கார்ந்தோம். "பொம்பளை வில்லா, பின்பாட்டுக்கு மட்டும் வை" என்றவர்கள், வீட்டுக்கு விலக்கு நாளும் கொடை நாளும் மோதினால் மாத்திரை போட்டுத் தள்ளிவைத்தது, ஏழு மாத வயிற்றோடு நீ குடத்தை மடியில் சாய்த்து உட்கார்ந்தது. வில்லுப்பாட்டுப் பூங்கனி அம்மா 2018-இல் போனபோது, அத்தனை ஊர் கொண்டாடின குரல் தனியாகக் கிடந்து போச்சே என்று நீ போனில் அழுதாய். நமக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் வருகிற கொடையை எல்லாம் ஒத்துக்கொண்டேன். குரலும் முன்னைப் போல் இல்லை. விடிய விடியப் பாடினவள் இப்போது பதினொன்றரைக்கு முடிக்கச் சொன்னால், வெளியே முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே சந்தோஷப்படுகிறேன்.

ஆவணியில் வேறு ஊரில் இதே கதை. ஆசான் பாடினபடிதான் பாடுவேன், சம்மதம் என்றால் முன்பணம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. மணி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது ஒரு உதவி. ஆசான் நோட்டில் இரண்டு பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. வாலப்பகடை அருவாளோடு ஓடிவந்து, பட்டன் கிடக்கிற கோலத்தைப் பார்த்து நிற்கிறானே, அந்த இடம். எனக்கு ஆறு வரிக்கு மேல் வரவில்லை. உங்க அய்யாவுக்காக நீ அதை முழுசாய் மனப்பாடம் பண்ணியிருந்தாய். பேரன் போனில் பாடிப் பதிவு பண்ணி அனுப்பு. ராகம் தப்புமே என்று யோசிக்காதே. நீ எப்போது ராகத்தோடு பாடினாய்?

உன்
லெட்சுமி