வெதுப்பகத்தில் ஒரு நேர்முகத் தேர்வு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் நண்பா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கைத்தொலைபேசியில் இரண்டு வரி அனுப்பியிருந்தால் போதாதா என்று என் மகள் கேட்டாள். இரண்டு வரிக்குள் அடங்கும் விடயம் எதையும் நீ என்னிடம் கேட்டதில்லை என்று அவளுக்குச் சொன்னேன். முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தாய். என் நிலையும் அதேதான். இருவரும் ஒரே கட்டாந்தரையில் விழுந்து எழும்பியவர்கள் அல்லவா.

உங்கள் உதைபந்தாட்டக் கழகம் முதல் தடவையாகச் சம்பளம் கொடுத்து முழுநேரத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஒருவரை அமர்த்தப் போவதையும், தெரிவுக்குழுவுக்கு உன்னைத் தலைவராகப் போட்டிருப்பதையும், விண்ணப்பித்த ஐவரில் ஒருவர் செயலாளரின் மருமகன் என்பதையும், அந்தச் சம்பளப் பணத்தை அனுப்பும் ரொறன்ரோப் பழைய வீரர்களுக்கு வேறொருவர் மீது கண் இருப்பதையும் வாசித்து முடித்தபோது, உனக்கு வாழ்த்துச் சொல்வதா அனுதாபம் சொல்வதா என்று தெரியாமல் சற்று நேரம் இருந்தேன். ஆளைப் பிடிப்பது கஷ்டமில்லை, ஊர் நம்பும்படி பிடிப்பதுதான் கஷ்டம் என்று எழுதியிருந்தாய். ஒரு தேயிலைக் கம்பனியின் ஆளணிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் நேர்முகத் தேர்வு மேசையின் இந்தப் பக்கம் இருந்தவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்த விடயத்தில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது தென் கொரியாவில் 2024 இல் நடந்ததைத்தான். அந்த வருடம் பெப்ரவரியில், ஆசியக் கிண்ண அரையிறுதியில் ஜோர்தானிடம் 2–0 என்று தோற்ற பின்னர், பயிற்றுவிப்பாளர் யுர்கன் கிளின்ஸ்மனை அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் நீக்கியது. அடுத்தவரைத் தேடுவதற்கென்று ஒரு குழு இருந்தது. அது கூடிக் கூடிக் கலைந்தது. நான்கு மாதத்துக்கு மேல் ஓடியது. ஜூன் இறுதியில் குழுவின் தலைவரே பதவி விலகினார். அவர் விட்ட இடத்திலிருந்து சங்கத்தின் தொழில்நுட்பப் பணிப்பாளர் லீ லிம்-செங் வேலையைக் கையில் எடுத்து, ஐரோப்பாவுக்குப் பறந்து, குஸ் போயெட், டேவிட் வாக்னர் ஆகிய இருவரையும் நேர்கண்டார். பின்னர் நாடு திரும்பி, அப்போது உல்சான் கழகத்தின் பயிற்றுவிப்பாளராக இருந்த ஹொங் மியுங்-போவின் வீட்டுப் பக்கம் போய்க் காத்திருந்து, இரவு வெகுநேரம் கழித்து ஒரு வெதுப்பகத்தில் அவரைச் சந்தித்துப் பதவியை ஏற்கும்படி கேட்டுக்கொண்டார். ஜூலை 7 ஆம் திகதி பெயர் வெளியாகிவிட்டது. குழுவில் இருந்த முன்னாள் வீரர் பார்க் ஜூ-ஹோ, அந்தச் செய்தி தனக்கே புதினமாக இருந்தது என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில்தான் உனக்குப் பயன்படக்கூடிய பாடம் இருக்கிறது. செப்டெம்பரில் சங்கத் தலைவரையும் ஹொங்கையும் பாராளுமன்றக் குழு அழைத்து விசாரித்தது. ஒக்டோபரில் அந்நாட்டு விளையாட்டுக்குப் பொறுப்பான அமைச்சு தன் கணக்காய்வின் முதற்கட்ட முடிவை வெளியிட்டது. இறுதிப் பரிந்துரை செய்யும் அதிகாரம் அந்தப் பணிப்பாளருக்கு இருக்கவில்லை. ஹொங்கைச் சந்தித்தபோது முன்கூட்டித் தயாரித்த கேள்வித்தாள் இல்லை, கூட இருந்து பார்க்க இன்னொருவர் இல்லை. இயக்குநர் சபை பெயருக்குத்தான் சம்மதம் கொடுத்தது என்பவை அதன் சாராம்சம். கிளின்ஸ்மனின் நியமனத்திலும் குழுவை ஓரங்கட்டியிருந்தார்கள் என்று அதே அறிக்கை சொன்னது. ஆனாலும் ஹொங்கின் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிட முடியாதென்று அமைச்சு நிறுத்திக்கொண்டது.

ஹொங் யார் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2002 உலகக் கிண்ணத்தில் கொரியா அரையிறுதி வரை போனபோது அந்த அணியின் தலைவர் அவர்; நீயும் நானும் அந்த ஆட்டங்களை வேலைக்கு விடுப்புப் போட்டுப் பார்த்தோம். அந்த மனிதரை, பதவியேற்ற பின் நடந்த முதல் ஆட்டத்தில், பலஸ்தீன அணியுடன் 0–0 என்று முடிந்த அந்த மாலையில், சியோல் உலகக் கிண்ண மைதானத்தில் கூடியிருந்த அவருடைய சொந்த நாட்டு ரசிகர்களே கூச்சலிட்டு அவமதித்தார்கள். பிறகு அவர் அணியை 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற வைத்தும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஒருவேளை கேள்வித்தாளும் குழுவும் ஒழுங்காக இருந்திருந்தாலும் அவரே தெரிவாகியிருப்பார். அப்படியானால் அவரிடமிருந்து பறிபோனது எவ்வளவு என்று யோசித்துப் பார். தெரிவுமுறை பிழைத்தால் நட்டம் வேலை கிடைக்காதவருக்குத்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். என் அனுபவத்தில் வேலை கிடைத்தவருக்குத்தான் அது கூடுதலான நட்டம். முதல் மூன்று ஆட்டம் தோற்றால் அவருக்காக வாய் திறக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

சரி, முறைகளை எழுதி வைத்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்கர்கள் உதைபந்தாட்டம் என்று பெயர் வைத்துக் கையால் ஆடுகிறார்களே, அந்த ஆட்டத்தின் தேசிய லீக்கில் 2003 இல் ஒரு விதி வந்தது. அணி உரிமையாளர் டான் ரூனியின் பெயரால் ரூனி விதி என்பார்கள். தலைமைப் பயிற்றுவிப்பாளர் பதவி காலியானால், கறுப்பினத்தவர் முதலான சிறுபான்மையினரில் ஒருவரையாவது நேர்முகத்துக்கு அழைத்தே ஆக வேண்டும் என்பது விதி. அதே வருடம் டெட்ராய்ட் லயன்ஸ் அணி, முன்பே மனதில் வைத்திருந்த ஸ்டீவ் மரியூச்சியை அமர்த்தியது. சிறுபான்மையினர் சிலருக்கு அழைப்புப் போகத்தான் செய்தது. முடிவு முன்னமே எடுத்தாயிற்று என்று தெரிந்ததால் அவர்கள் வர மறுத்துவிட்டார்கள். அணி நிர்வாகத்தின் தலைவர் மட் மில்லனுக்கு லீக் 200,000 டொலர் தண்டம் விதித்தது.

பத்தொன்பது வருடம் கழித்து, 2022 பெப்ரவரியில், பிரையன் புளோரஸ் என்ற கறுப்பினப் பயிற்றுவிப்பாளர் லீக்கின் மீதே வழக்குத் தொடுத்தார். நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணி அவரை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. அதற்கு மூன்று நாள் முன்னதாக, அவருடைய பழைய மேலதிகாரி பில் பெலிசிக், ஜயன்ட்ஸ் வேலை கிடைத்துவிட்டதற்கு வாழ்த்தி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். உண்மையில் அந்த வாழ்த்து பிரையன் டபோல் என்ற இன்னொருவருக்குப் போக வேண்டியது. இரண்டு பிரையனுக்குள் கை தவறிவிட்டது. குற்றச்சாட்டை அந்த அணி மறுத்தது. வழக்கு எப்படியும் போகட்டும். தனக்குக் கிடைக்காத வேலைக்கு, விடை தெரிந்துகொண்டே, சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மனிதன் நேர்முகத்துக்குப் போவதை மட்டும் நினைத்துப் பார்.

எனக்கு அது நினைத்துப் பார்க்க வேண்டிய விடயமே இல்லை, நேரில் பார்த்தவன் நான். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இங்கே ஒரு கழகம், பெயர் வேண்டாம், பயிற்றுவிப்பாளர் தெரிவுக்கு என்னையும் ஒரு உறுப்பினராக அழைத்தது. மூன்று பேரையாவது நேர்காண வேண்டும் என்று அவர்களுடைய யாப்பில் இருந்தது. மூன்றாவதாக வந்தவர் மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, எங்கோ முகம் கழுவி, கையில் ஒரு கோப்போடு உள்ளே வந்தார். தான் பயிற்றுவித்த பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பற்றி, யாருக்கு எந்தக் கால் பலம், யார் எந்த மாதத்தில் வளர்ந்து ஓட்டம் குறைந்தான் என்பது வரை, அந்தக் கோப்பில் கையால் எழுதி வைத்திருந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: கொழும்பில் தங்குவதற்கு இடம் இருக்கிறதா? அவர் போன பிறகு தேநீர் வந்தது. தேநீரோடு, ஏற்கனவே தட்டச்சுச் செய்த நியமனக் கடிதமும் கையொப்பத்துக்கு வந்தது. அதில் வேறொருவரின் பெயர் இருந்தது. நானும் கையொப்பமிட்டேன். தேநீரையும் குடித்தேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியவற்றில் நான் முதலாவதாக வைப்பது, விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே புள்ளித்திட்டத்தை எழுதி, உறுப்பினர் எல்லோரும் கையொப்பமிட்டுக் கழகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுவது. நீ விண்ணப்பங்களை வாசித்துவிட்டாய் என்று தெரிகிறது; அதனால் புள்ளித்திட்டத்தை அவற்றை வாசிக்காத ஒருவரைக் கொண்டு எழுதுவி. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் ‘ஏ’ தரச் சான்றிதழுக்கு எத்தனை புள்ளி, ‘பி’ தரத்துக்கு எத்தனை, இளையோரை வளர்த்த அனுபவத்துக்கு எத்தனை, மைதானத்தில் அரை மணிநேரம் உங்கள் பிள்ளைகளை வைத்துப் பயிற்சி நடத்திக் காட்டுவதற்கு எத்தனை என்று பிரித்துக்கொள். கடைசியாகச் சொன்னதற்குக் கூடுதலாகக் கொடு. ஐவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரும் மற்றவரோடு பேசுவதற்கு முன் தன் தாளில் புள்ளியிட்டு மடித்துவிட வேண்டும். தேநீர் அதற்குப் பிறகு வரட்டும்.

எல்லாவற்றையும் பகிரங்கமாக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஐவரில் மூவர் இப்போது வேறு இடங்களில் வேலையில் இருப்பவர்கள். விண்ணப்பித்த கதை அங்கே எட்டினால் இருக்கிற வேலையும் போய்விடும். அடுத்த தடவை நல்லவர் ஒருவரும் விண்ணப்பிக்கமாட்டார். 2018 இல் ஸ்பெயினுக்கு நடந்ததை மறந்திருக்கமாட்டாய். உலகக் கிண்ணம் தொடங்குவதற்கு இரண்டு நாள் இருக்கையில் ஸ்பெயின் அணியின் பயிற்றுவிப்பாளர் லொபெடெகியைத் தன் அடுத்த பயிற்றுவிப்பாளராக ரியல் மட்ரிட் கழகம் அறிவித்தது. மறுநாளே ஸ்பெயின் அவரை வீட்டுக்கு அனுப்பியது. முறை, அளவுகோல், தெரிவு செய்பவர்களின் பெயர்கள், முடிவுக்கான காரணம் ஆகிய நான்கும் வெளியே இருக்க வேண்டும். தோற்றவர்களின் பெயர்கள் உள்ளே இருக்க வேண்டும். இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் 2025 இல் 170 விண்ணப்பங்களிலிருந்து மூவரைப் பிரித்தெடுத்து, அந்த மூவரில் காலித் ஜமீலைத் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளராகத் தெரிவு செய்தது. இறுதி மூவரின் பெயர்களும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. அதை நான் பாதி மெச்சுகிறேன். மறுபாதி, விண்ணப்பித்தவர்களில் உலகப் புகழ் பெற்ற பயிற்றுவிப்பாளர்களான பெப் கார்டியோலாவும் சாவியும் இருக்கிறார்கள் என்று செய்தி பரவிய பிறகுதான் அவை போலி மின்னஞ்சல்கள் என்று தெரியவந்தது. ஆள் ஆள்தானா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் உறுதி செய்வது ஆளணிப் பிரிவில் நாங்கள் புதிய எழுதுவினைஞருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. நீயும் ஐவரின் சான்றிதழ்களையும் வழங்கியவர்களிடமே கேட்டு உறுதி செய்.

ரொறன்ரோக்காரர் விடயத்தில் எனக்கு உன்னைவிடக் கடுமையான அபிப்பிராயம். பணம் தருபவர் எவ்வளவு தருவார், எத்தனை வருடத்துக்குத் தருவார் என்பதை எழுத்தில் வாங்கு; யாருக்கு என்பதை அவர் சொல்ல வேண்டாம். 2024 இல் கமரூனில் விளையாட்டு அமைச்சு, சங்கத்தைக் கேளாமலே மார்க் பிரிஸ் என்ற பெல்ஜியரைத் தேசிய அணிக்கு நியமித்தது. சாமுவேல் எட்டோ தலைமையிலான சங்கம் எதிர்த்து நின்றது. ஒரு அணிக்கு இரண்டு எசமான்கள். ஒரு சங்கத்தின் அலுவல்களில் வெளிக்கை நுழைந்தால் என்னவாகும் என்று எங்களுக்கே தெரியும். மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி பீபா 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இலங்கையைத் தடை செய்து வைத்திருந்ததை மறப்பதற்கில்லை. உங்கள் கழகத்துக்கு அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. ஆனால் பணக்காரரின் ஆளாக வந்தவரைப் பணக்காரரைத் தவிர வேறு யாராலும் நிறுத்த முடியாது என்பது எந்த அளவிலும் உண்மைதான்.

செயலாளரின் மருமகனைப் பற்றித்தான் நீ கூடுதலாகக் கவலைப்பட்டிருந்தாய். அவரை ஒதுக்கிவிடாதே, மாமனார் செயலாளராக இருப்பது அவருடைய குற்றமல்ல. 2018 டிசெம்பரில் அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் கிரெக் பெர்ஹால்டரைத் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளராக நியமித்தபோது அவருடைய அண்ணன் அதே சம்மேளனத்தில் உயர் அதிகாரியாக இருந்தார். தெரிவில் அண்ணனுக்குப் பங்கில்லை என்று சொன்னார்கள். இருந்தும் சந்தேகம் கிரெக்கின் பின்னாலேயே நடந்தது. அதனால் செயலாளர் வெறுமனே கூட்டத்தில் பேசாமல் இருப்பது போதாது. இந்தத் தெரிவு முடியும் வரை அவர் கோப்பைத் தொடாமல், கூட்டத்துக்கு வராமல், சம்பளத் தொகையைத் தீர்மானிப்பதிலும் சேராமல் விலகியிருப்பதாகக் கூட்டக் குறிப்பில் திகதியோடு எழுதி, அவரிடமே கையொப்பம் வாங்கு. மனம் நோவார். அவருடைய மருமகன் வென்றால் ஒருநாள் உனக்கு நன்றி சொல்வார்.

இந்தக் கடிதத்தை நீ குழுவில் வாசித்துக் காட்டக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மட்டக்களப்புக்காரரோடு எனக்கு இப்போதும் தொடர்பு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை பேசுவோம். அன்று நடந்ததை அவருக்கும் ஒருநாள் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உங்கள் ஐவரில் அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது, நான் அவரிடம் கேட்கவும் இல்லை. இருந்தால், அவருடைய பெயரை எனக்கு எழுதாதே. முடிவு ஒட்டப்படும் வரை தொலைபேசியிலும் இதைப் பற்றி நாங்கள் பேச வேண்டாம். உனக்கு ஆலோசனை சொன்னவனுக்கு ஒரு விண்ணப்பதாரரைத் தெரிந்திருக்கலாம் என்று உன் கூட்டக் குறிப்பிலும் ஒரு வரி எழுதிவிடு.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவுவதை நிறுத்தாதே.

என்றும் உன் அன்புள்ள,
உன் பழைய லெப்ட் பேக்