வெள்ளையடிக்கும் முன் வெஸ்ட்ரி அலமாரியை ஒழிக்கப் போகிறவர்களுக்கு

திருநெல்வேலி, தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலங்களின் சேகர குருமார்களுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும், பாளையங்கோட்டை, தூத்துக்குடி மறைமாவட்டங்களின் பங்குத்தந்தையருக்கும் பங்குப் பேரவையாருக்கும்:

வணக்கம்.

அசனப் பண்டிகையோ (சபையார் கூடி உண்ணும் விருந்து) கிறிஸ்துமஸோ நெருங்கினால் கோயிலுக்கு வெள்ளையடிப்போம். அதற்கு முந்தின நாள் வெஸ்ட்ரி (குருமார் அங்கி மாற்றும் அறை) அலமாரியை ஒழிப்பார்கள். ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, கணக்கு நோட்டு எல்லாம் பத்திரமாக ஒரு பக்கம் போகும். சணல் கயிற்றில் கட்டிய ‘சினிமா நோட்டீஸ்’ கட்டு மட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போகும். இந்த மடல், திருச்சபை எடுத்த பக்திப் படங்களின் விளம்பரத் தாள்கள் கிடக்கும் அந்தக் கட்டைப் பற்றியது.

தியேட்டரில் ஓடிய படத்தின் சுவரொட்டி ஒரு இடத்தில் தொலைந்தாலும் இன்னொரு இடத்தில் கிடைக்க வழி உண்டு. விநியோகஸ்தர் ஆபீஸ், சேகரிப்பாளர் வீடு, 1964இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், பாட்டுப் புத்தகத்துக்குச் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் என்று தேட நாலு இடம் இருக்கிறது. தமிழ் சினிமாத் தகவல்களைச் சேகரித்த பிலிம் நியூஸ் ஆனந்தன் தனி ஆளாகவே ஒரு காப்பகம் போல இருந்தார். திருச்சபை எடுத்த பக்திப் படத்துக்கு இந்த வழிகள் குறைவு. அது பெரும்பாலும் கோயில் வளாகத்திலும் பள்ளிக்கூட மைதானத்திலும் 16 எம்.எம். புரொஜெக்டரில் ஓடிய படம். விளம்பரமும் சபை வழியாகவே நடந்தது. அதனால் அதன் தாள்கள் உங்கள் அலமாரியில்தான் இருக்கும். அங்கே போனால் போனதுதான்.

பெரிய சுவரொட்டியை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மற்றதைத் தள்ளிவிடுவதும் ஏறக்குறைய அதே இழப்புதான். சுவரொட்டி படத்தின் பெயரைச் சொல்லும். எந்த ஊரில், எந்த இரவில், எந்த மைதானத்தில் காட்டினார்கள் என்பதைக் கைநோட்டீஸ்தான் சொல்லும். செலவு யார் தலையில் விழுந்தது என்பது ரசீதில் இருக்கும். ஸ்டில், பாட்டுப் புத்தகம், காட்சிக்கு முன் போட்ட கண்ணாடி ஸ்லைடு, படம் அச்சிட மரக்கட்டையில் அறைந்த துத்தநாக பிளாக், சபைகளுக்குப் போன சர்க்குலர் எல்லாம் ஒரே குடும்பம். கட்டு எந்த வரிசையில் கிடக்கிறதோ அந்த வரிசையிலேயே செல்போனில் படம் எடுத்துவிட்டு, பிறகு பிரியுங்கள்.

கைநோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் வருடம் இருக்காது, ‘சனிக்கிழமை இரவு’ என்று மட்டும் இருக்கும். ஆனாலும் வருடத்தைப் பிடிக்கலாம். அடி ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும், 1867ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அழகுக்காக ஓரத்தை வெட்டுகிறவர்கள் முதலில் வெட்டி எறிவது இந்த வரியைத்தான். ‘சி.எஸ்.ஐ.’ (தென்னிந்தியத் திருச்சபை) என்று இருந்தால் 1947 செப்டம்பருக்குப் பிந்தியது. கட்டணம் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் பேச்சிலும் பழக்கத்திலும் அணா அதற்குப் பிறகும் சில காலம் இருந்ததால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ‘ந.பை.’ (நயா பைசா) என்றால் 1957க்கு முந்தியதல்ல, பெரும்பாலும் 1964க்குள். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ‘சிதம்பரனார் மாவட்டம்’ (இன்றைய தூத்துக்குடி) என்றால் 1986க்கும் 1997க்கும் நடுவில். துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘ணை’ எழுத்தைக் கண்டதும் 1978க்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எழுத்துச் சீர்திருத்த அரசு ஆணை அந்த ஆண்டு வந்தாலும் சின்ன அச்சகங்கள் ஈய எழுத்தை உடனே மாற்றவில்லை. கத்தோலிக்கத் தாள்களில் பழைய வழக்கான ‘அர்ச்.’ என்றிருப்பதும் பிந்திய வழக்கான ‘புனித’ என்றிருப்பதும் இதே மாதிரி ஒரு தடயம். கிழமையும் தேதியும் சேர்ந்து கிடைத்தால் அந்தப் பொருத்தம் 5, 6 அல்லது 11 ஆண்டுக்கு ஒரு முறை வரும். மற்ற தடயங்களோடு சேர்த்தால் பெரும்பாலும் ஒரே வருடம்தான் மிஞ்சும். தாளின் பின்பக்கத்தையும் பாருங்கள். சபை ஊழியர் பென்சிலில் மண்ணெண்ணெய்க் கணக்கு எழுதியிருந்தால், அச்சடித்த பக்கத்தைவிட அந்தப் பக்கத்துக்குத்தான் மதிப்பு.

செய்யக்கூடாததில் முதலாவது லேமினேஷன். நல்லெண்ணத்தில் செய்கிற அழிவு அது. சூட்டில் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. தாளில் உள்ள அமிலமும் உள்ளேயே அடைபட்டு வேலையைத் தொடரும். செல்லோடேப், ஃபெவிகால் இரண்டும் கூடாது. முன்பே ஒட்டிய டேப்பை உரிக்கவும் வேண்டாம், எழுத்தும் கூடவே வந்துவிடும். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை இழுக்காதீர்கள். பின்னுக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு துண்டு அட்டையைச் செருகி, கால்களை நிமிர்த்தி எடுங்கள். எண் போடுவதானால் 2பி பென்சிலால் பின்பக்க மூலையில் மெதுவாகப் போடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம்.

மடித்த சுவரொட்டி மடிப்பில் நொறுங்குவதானால் பலவந்தமாக விரிக்க வேண்டாம், இஸ்திரிப் பெட்டியை நினைக்கவும் வேண்டாம். பதமாக இருக்கும் சுவரொட்டியைத் தட்டையாக வையுங்கள். இடமில்லை என்றால் 4 அங்குலத்துக்குக் குறையாத குழாயின் மேல், உள்ளே திணிக்காமல், வெளியே சுற்றுங்கள். அமிலமில்லாத தாள் கிடைக்காவிட்டால், துவைத்துக் கஞ்சி போக்கிய கோராத் துணியில் பொதிந்து வைக்கலாம். பி.வி.சி. உறை கூடாது. வேப்பிலை வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. காய்ந்து பொடிந்தால் அதுவே கறையாகும், பூச்சிக்கும் தீனியாகும். இராமபாணம் (தாள் தின்னும் வெள்ளிப் பூச்சி) கண்ட கட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் அடைத்து, மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள். கண்ணாடி ஸ்லைடையும் கண்ணாடி நெகட்டிவையும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. கட்டில் டிரெய்லர்ச் சுருள் இருந்து, டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அதைத் தனி அறைக்குக் கொண்டுபோங்கள். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும்.

அலமாரி தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்து, சுவரை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். தட்டட்டிக்கு (மொட்டை மாடித் தளம்) நேர் கீழே உள்ள பரண் வெயிலில் அடுப்பு மாதிரி. கீழ்த்தட்டும் ஆகாது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணிக் கரையில் இருக்கிற கோயில்கள் மேல்தட்டைத்தான் நம்ப வேண்டும். நனைந்துவிட்டால் 48 மணி நேரம்தான் கணக்கு, அதன்பின் பூஞ்சை பிடிக்கும். ஒட்டிய தாள்களைப் பிரிக்காமல், வெயிலில் போடாமல், நிழலில் ஃபேன் காற்றில் பரப்புங்கள். பரப்ப ஆள் இல்லையென்றால் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் அவகாசம் கிடைக்கும். நனைந்த ஸ்டில்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்தால் பிரியாது. குளிர்ந்த நல்ல தண்ணீரில் போட்டு, தானாக விலகியபின் படம் மேல்பக்கமாக உலர்த்துங்கள்.

ஸ்கேன் எடுக்கும்போது இரண்டு பக்கமும், ஓரம் முழுதும் வர வேண்டும். நோட்டீஸுக்கும் சுவரொட்டிக்கும் 400 டி.பி.ஐ., ஸ்டில்லுக்கு 600, டிஃப் கோப்பு. 20×30 அங்குலச் சுவரொட்டி ஒன்று 400இல் ஏறக்குறைய 288 எம்.பி. வரும், பென் டிரைவை இப்போதே கணக்குப் போட்டு வாங்குங்கள். தாளை இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் கூடாது. பெரிய தாளைத் தட்டையாக விரித்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கேமராவைத் தாளுக்கு நேராகப் பிடித்து எடுக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் போட்டது பிரதி ஆகாது, சுருங்கிப் போய்விடும். ஒரு பிரதி சேகரத்தில், ஒன்று திருமண்டல ஆபீஸில், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். மூலத்தாளைத் தூக்கி எறிய ஸ்கேன் ஒரு காரணம் ஆகக் கூடாது.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வரும். 2003இல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் பிரிந்தபோது எல்லையைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். அலமாரிக் கட்டுகளுக்கு அப்படிக் கோடு கிடையாது, ஒரே படத்தின் தாள்கள் இரண்டு பக்கமும் கிடக்கலாம். கட்டைச் சேர்க்கச் சண்டை வேண்டாம், பட்டியலைச் சேர்த்தால் போதும். வெளியே ஒரு காப்பகத்துக்குக் கொடுப்பதானால் கொடையா, வைப்பா (உரிமை நம்மிடமே இருப்பது) என்று கமிட்டித் தீர்மானத்தில் தெளிவாக எழுதுங்கள். பதிப்புரிமையில் ஒரு நுணுக்கம் உண்டு: படத்துக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு, சுவரொட்டி ஓவியருக்கோ அவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். படம் பொதுவாகிவிட்டது என்பதால் சுவரொட்டியும் பொதுவாகிவிட்டது என்று மறு அச்சுப் போட்டு விற்றுவிடாதீர்கள்.

இந்த வருடத்து வெள்ளையடிப்புக்கு ஆள் பேசும்போது, அலமாரியைக் கோயில்பிள்ளை (கோயில் ஊழியர்) ஒருவரே ஒழிக்கட்டும் என்று விடாமல், சபையில் பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் அன்றைக்குக் கூட நிற்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய தாள்களைப் பேணுகிற வேலையில் இருப்போர்,
பாளையங்கோட்டை