விலைப்பட்டியல் மாறுவதற்கு முன் நடப்பவை: பணக்கொள்கைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பணக்கொள்கைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வட்டி விகிதத்தை முடிவு செய்ய நீங்கள் கூடும்போதெல்லாம், நிறுவனங்கள் விலையை எவ்வளவு உயர்த்தின, இன்னும் எவ்வளவு உயர்த்தப்போகின்றன என்ற கணக்குகள் உங்கள் மேசைக்கு வருகின்றன. விலையை உயர்த்துவது ஒரு தொழில் கடைசியாகச் செய்யும் காரியம் என்பதையும், அதற்கு முந்தைய மாதங்களில் நடப்பவை அந்தக் கணக்குகளில் போதிய அளவு பதிவாவதில்லை என்பதையும், சிறிய உற்பத்திக்கூடம் நடத்துபவன் என்ற முறையில் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

மூலப்பொருள் விலை ஏறும்போது எங்களுக்கு முதலில் வரும் நெருக்கடி, மறுகொள்முதலுக்குப் பணம் போதாமல் போவது. 100க்கு வாங்கிய சரக்கை 120க்கு விற்றால் ஏட்டில் 20 லாபம் நிற்கும். அதற்குள் அதே சரக்கின் கொள்முதல் விலை 125 ஆகியிருந்தால், விற்ற பணம் முழுவதையும் போட்டாலும் பழைய அளவுக்குச் சரக்கு எடுக்க முடியாது. ஏட்டில் நிற்கும் அந்த 20க்கு வரியும் கட்டியாக வேண்டும். விற்பனை நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே மூலதனம் கரையும் இந்த நிலையைக் கொழுத்த லாபம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் கடன் வாங்குகிறோம். வட்டி உயர்ந்தால் தேவை குறைந்து விலை தணியும் என்ற உங்கள் கணிப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும், நடைமுறை மூலதனக் கடனில், அதாவது சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் எடுக்கும் கடனில், ஓடும் தொழிலுக்கு வட்டியும் அடக்கவிலையில் சேரும் செலவுதான். தேவை குறைவதற்கு முன்பே அது வந்து சேர்ந்துவிடுகிறது.

அப்படியிருந்தும் ஏன் உடனே விலையை ஏற்றுவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். 1990களின் தொடக்கத்தில் ஆலன் பிளைண்டர் என்ற பொருளாதார அறிஞர் (பின்னர் 1994இல் அமெரிக்க மத்திய வங்கியின் துணைத் தலைவரானவர்) அந்நாட்டின் ஏறத்தாழ 200 நிறுவனங்களிடம் இதை நேரிலேயே கேட்டறிந்தார். சுமார் பாதி நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோதான் விலையை மாற்றின. போட்டியாளர் ஏற்றாதபோது தாம் முதலில் ஏற்றத் தயங்குவதே நிறுவனங்கள் அதிகம் ஒப்புக்கொண்ட காரணம். என் அனுபவமும் அதுவே. ஒருமுறை போன வாடிக்கையாளர் விலையைக் குறைத்தாலும் திரும்பி வருவதில்லை.

ஆகவே வேறு வழிகளைத் தேடுகிறோம். கடனுக்குக் கொடுத்த சரக்கின் தவணை நாட்களைச் சுருக்குகிறோம், சிறிய ஆர்டர்களை மறுக்கிறோம், லாபம் தராத ரகங்களை ஓசையின்றி நிறுத்துகிறோம், இயந்திரப் பராமரிப்பைத் தள்ளிப்போடுகிறோம், விலகிப்போன தொழிலாளியின் இடத்தைக் காலியாகவே விடுகிறோம். பொட்டலத்தின் எடை குறைந்தால் அதை விலையேற்றமாகக் கணக்கிடும் முறை புள்ளியியலாளர்களிடம் உண்டு; மேற்சொன்னவற்றை அளக்கும் கோல் அவர்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை. விலை மாறுபாட்டுக்கு இடமில்லாத ஆண்டு ஒப்பந்தத்தில் பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு தருபவர்களுக்கோ இந்த வழிகளில் பாதி கூட இல்லை.

செலவு இறங்கும்போது நாங்கள் விலையை இறக்கத் தாமதிக்கிறோம் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. கூடுதல் விலைக்கு வாங்கிய சரக்கு தீர வேண்டும், இடையில் வாங்கிய கடன் அடைய வேண்டும் என்பவை நியாயமான காரணங்கள். இழந்ததை மீட்கும் ஆசையும் அதில் கலந்திருப்பதை மறைக்க மாட்டேன்.

எனவே நிறுவனங்களிடம் நீங்கள் நடத்தும் கருத்தாய்வுகளில், அடுத்த ஆண்டு விலை எவ்வளவு ஏறும் என்பதோடு, கொடுக்கும் கடனுக்கும் பெறும் கடனுக்கும் இப்போது எத்தனை நாள் தவணை, இன்றைய கொள்முதல் விலையில் கையிருப்பை நிரப்பப் பணம் போதுமா, கடந்த ஆறு மாதங்களில் எந்த ரகங்கள் நின்றன என்பவற்றையும் கேட்கவும், சிறு நிறுவனங்களின் விடைகளைத் தனியே தொகுக்கவும் வேண்டுகிறேன். இவற்றுக்கான பதில்கள் எங்கள் ஏடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. கேட்டால் ஒரே நாளில் எடுத்துத் தர முடியும்.

இப்படிக்கு,
ஒரு சிறு உற்பத்தியாளன்