கையை உள்ளே விடுவதற்கு முன்

அன்பு தம்பி,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1949-ல் வந்த 1700 வரிசை பிட்ஸ்பர்க் டிராமின் மூக்கை இப்படி வழவழவென்று ஆக்கியிருக்கிறாய். இங்கே சிங்கப்பூர் தேக்காவில் எல்லாரிடமும் காட்டினேன். இந்த ஊரில் டிராம் 1927-லேயே நின்றுபோனதால், “இது பஸ்தானே?” என்கிறார்கள்!

சக்கரப் படம்தான் உறுத்துகிறது. சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பரைத் தாண்டிப் போகும் செப்புப் பின்னலில் பாதி இழை அறுந்து பச்சை பூத்திருக்கிறது. ரப்பர் கரண்டை விடாது. மேல்கம்பியில் இருந்து வரும் 600 வோல்ட் கரண்ட் தண்டவாளத்துக்குத் திரும்புவதே அந்தப் பின்னல் வழியாகத்தான். ஒன்று அறுந்தால் சுமை மற்றவற்றில் ஏறும், அவையும் சூடேறி அறும். எல்லாமே போனால் வண்டியின் உடம்பிலேயே கரண்ட் நிற்கும். ஒட்டுப்போடாதே, புதிதாக மாற்று. போல்ட் உட்காரும் இடத்தைப் பளிச்சென்று சுரண்டிவிட்டு முடுக்கு.

அடியில் போவதற்கு முன், மேல்கம்பியைத் தொடும் கூரைக் கம்பத்தை இறக்கிக் கொக்கியில் மாட்டு, மெயின் சுவிட்சை அணை. மீட்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துச் சரிபார்த்துவிட்டு, பிறகு நீ கை வைக்கப்போகும் இடத்தில் வை. இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பம் கீழே இருந்தாலும் 32 வோல்ட் பேட்டரி விழித்துக்கொண்டிருக்கும். காந்த பிரேக்குக்கு அது போதும். மேலே யாராவது பிரேக் மிதியைத் தெரியாமல் மிதித்துவிட்டால், பிரேக் கட்டை தண்டவாளத்தில் போய் அறையும். இடையில் விரல் இருந்தால் அவ்வளவுதான். பேட்டரி சுவிட்சையும் கழற்று, உன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடு. பேட்டரியை மறக்காதே.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்துத் தூசி தட்டாதே, ஈரத்துணியால் துடை, முகமூடி போடு. கையுறையும் போடு.

முன்பெல்லாம் படத்தில் உன் இரண்டு கையும் தெரியும். இந்தத் தடவை எல்லாவற்றிலும் வலது கை மட்டும். அம்மாவும் கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு படித்தவனுக்கு ஒரு ஃபோன் போட நேரமில்லையா?

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. ஃபோனை வலது கையில் பிடித்துக்கொண்டு, கழற்றிய பின்னலை இடது கையால் தூக்கிக் காட்டு. இழை எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அப்பா