குடும்ப மீன்பிடிக் கடற்பயணத்தில் விளம்பரத்துக்கு மாறான சேவை: புகார்க் கடிதம்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர்,
கடல் சுற்றுலாப் பிரிவு, நாகர்கோவில்.

பொருள்: மே மாத விடுமுறையில் நடத்தப்பட்ட குடும்ப மீன்பிடிப் பயணம் – கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் விளம்பரத்தைத் திருத்தவும் கோருதல் தொடர்பாக.

ஐயா,

கடந்த மே மாதக் கடைசி வாரத்தில், முட்டத்தை ஒட்டிய கடற்கரையிலிருந்து தங்கள் நிறுவனம் நடத்திய அரைநாள் ஆழ்கடல் மீன்பிடிப் பயணத்துக்காக, சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர், நான் ஆக ஐந்து பேருக்கு ஆளுக்கு 2,500 ரூபாய் வீதம் 12,500 ரூபாயை முன்பணமாகவே செலுத்தியிருந்தேன். பயணம் முடிந்த மறுநாள் எங்கள் குறைகளை வாட்ஸ்அப் வழியாகத் தெரிவித்தபோது, "கடல் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை, மீன் கிடைப்பதும் கிடைக்காததும் அன்றைய அதிர்ஷ்டம், படகோட்டியிடம் குறை இருந்தால் சொல்லுங்கள், நடவடிக்கை எடுக்கிறோம்" என்ற பதிலே தங்கள் அலுவலகத்திலிருந்து வந்தது. அந்தப் பதிலை ஏற்க இயலாததால்தான் இக்கடிதத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

கடல் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை என்பதை இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதே வாக்கியத்தைப் பணம் வாங்குவதற்கு முன்பு தாங்கள் ஏன் சொல்லவில்லை என்பதே என் கேள்வி. தங்கள் இணையப்பக்கத்திலோ, முன்பதிவின்போது தொலைபேசியில் பேசிய பணியாளரின் விளக்கத்திலோ, கட்டண ரசீதின் பின்புறத்திலோ இந்தக் கருத்து ஓரிடத்தில்கூட இல்லை. விற்கும்போது உறுதிமொழியும், விற்ற பிறகு அதிர்ஷ்டமும் என்பது நேர்மையான வணிக முறை ஆகாது.

விளம்பரத்தில் இருந்தவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அகலமான மேல்தளமும் நிழல்கூரையும் இருக்கைகளும் கொண்ட ஒரு படகின் படம். அதில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் உயரத்துக்கு ஒரு நெய்மீனை (வஞ்சிரத்தை) தூக்கிப் பிடித்திருக்கும் காட்சி. அதன் கீழே "வெட்ஜ் பேங்க் கடலின் மீன்வளத்தை உங்கள் குழந்தையே பிடித்து மகிழட்டும்" என்ற வரி. வெட்ஜ் பேங்க் என்னும் கடலடி மேடு கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அது இந்தியாவுக்குரிய கடற்பரப்பு என்று 1976 ஆம் ஆண்டில் இலங்கையுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஏற்கப்பட்டதை நானே வகுப்பில் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். காலை ஐந்தரை மணிக்குக் கரையை விட்டுப் பதினோரு மணிக்குக் கரை சேரும் ஒரு பயணத்தில், ஒற்றை அவுட்போர்டு இன்ஜின் பூட்டிய வள்ளம் அங்கே போய்த் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்ப முடியாது. இது தங்கள் படகோட்டிகள் அனைவருக்கும் தெரியும். தங்களுக்கும் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் வெளியூரில் வசிக்கும் என் மகனுக்கும், சென்னையில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரனுக்கும் அது தெரிய நியாயமில்லை. முன்பதிவு செய்தவன் என் மகன். நான் அந்த விளம்பரத்தை முழுமையாகப் பார்த்தது, பேரன் அந்தப் படத்தைக் காட்டி "தாத்தா, இதே மாதிரி ஒண்ணு பிடிக்கப்போறேன்" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த பிறகுதான்.

எங்களுக்குத் தரப்பட்டதோ கூரையில்லாத ஓர் ஃபைபர் வள்ளம். அதன் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. இந்தக் கரைக்கு ஏற்ற படகு அதுதான். ஆனால் அதில் ஏறுவதற்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அலை உடையும் இடைவெளி பார்த்துக் குழந்தைகளைத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும், நான்கைந்து மணி நேரத்துக்குக் கழிப்பறை வசதி இருக்காது என்பதையும், உட்காரப் பலகை தவிர வேறொன்றும் இல்லை என்பதையும் முன்பே சொல்லியிருந்தால், முழங்கால் வலியுள்ள நான் கரையில் இருந்துகொண்டு என் இடத்தை மருமகளின் தம்பிக்குக் கொடுத்திருப்பேன். மேலும், நெய்மீன் என்பது ஓடும் படகின் பின்னால் இழுத்துச் செல்லும் தூண்டிலிலோ செவுள்வலையிலோ படும் மீன். எங்கள் வள்ளத்தில் இருந்தவை பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டில் நங்கூரமிட்டு ஈயக்குண்டு கட்டி இறக்கும் கைத்தூண்டில்கள் மட்டுமே. ஆகவே அன்று நெய்மீன் கிடைக்காமல் போனதை அதிர்ஷ்டக் குறைவு என்று சொல்வது பொருந்தாது. கிடைக்கக்கூடிய ஏற்பாடே அந்தப் படகில் இல்லை.

காலநிலை பற்றியும் சொல்ல வேண்டும். பயணம் முதலில் குறிக்கப்பட்டிருந்த நாளில், ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் எங்கள் கடற்கரைக்குக் கள்ளக்கடல் (காற்றில்லாமலே திடீரெனக் கரையில் எழும் பேரலை) எச்சரிக்கை விடுத்திருந்தது. அன்று பயணத்தை நிறுத்தியது முழுக்க முழுக்கச் சரியான முடிவு. 2024 மே மாதத்தில் கணபதிபுரம் அருகேயுள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்துவிடவில்லை. நான் குறை சொல்வது, அந்த எச்சரிக்கை முதல்நாள் மாலையே தொலைக்காட்சியில் வந்துவிட்ட பிறகும், தங்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்திகூட வராமல், நாங்கள் குழந்தைகளை இருட்டில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு கரைக்கு வந்து நின்ற பிறகே செய்தி சொல்லப்பட்டதைத்தான். மறுநாள் எச்சரிக்கை விலக்கப்பட்டிருந்தது, காற்றும் இல்லை. ஆனாலும் தெற்கே வெகுதொலைவில் எழுந்த புயல்களிலிருந்து வரும் அந்த நீண்ட ஏற்றஅலை முற்றிலும் அடங்கியிருக்கவில்லை. நங்கூரமிட்ட வள்ளம் அலையின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததில் மருமகளும் பேத்தியும் அரைமணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓடும்போது தாங்கும் உடம்பு, நின்று ஆடும்போது தாங்குவதில்லை. இதைப் படகில் போய்ப் பழகிய எவரும் சொல்வார்கள். முந்தைய இரவு எண்ணெய்ப் பலகாரம் தவிர்க்கவும், புறப்படுவதற்கு முன்பே வாந்தி மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும், வெறும் வயிற்றோடு வராமல் இட்லி போல எதையாவது சாப்பிட்டு வரவும் ஒரு செய்தி அனுப்ப எவ்வளவு செலவாகும்?

இதைவிடக் கடுமையாக நான் ஆட்சேபிப்பது உயிர்காப்பு அங்கியை. "குழந்தைகளுக்கு ஏற்ற முழுப் பாதுகாப்பு" என்று விளம்பரத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆறு வயதுப் பேத்திக்குத் தரப்பட்டது பெரியவர்கள் அணியும் அங்கி. எல்லாப் பட்டைகளையும் இழுத்துக் கட்டிய பிறகும், அவள் உட்கார்ந்ததும் அது மேலே ஏறிக் காதுகளை மறைத்துக்கொண்டு நின்றது. கைகளைத் தூக்கினால் தலைவழியே கழன்றுவிடும் நிலை. தண்ணீரில் விழுந்தால் அந்த அங்கி மட்டும் மிதந்திருக்கும். படகோட்டி தன்னிடமிருந்த கயிற்றால் அதை அவள் கால்களுக்கிடையே சுற்றிக் கட்டிப் பொருத்தினார். அது அவருடைய அக்கறை. தங்கள் நிறுவனத்தின் ஏற்பாடு அன்று.

அந்தப் படகோட்டியைப் பற்றித் தங்கள் பதிலில் கேட்டிருந்ததால், விரிவாகவே சொல்கிறேன். எங்கள் பயணத்தில் வாங்கிய காசுக்கு வேலை செய்தவர் அவர் ஒருவர்தான். கரையில் கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரிந்த மலைமுகட்டையும் ஒரே நேர்கோட்டில் பார்த்துப் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். பெரிய மீன் எங்கே என்று நச்சரித்துக்கொண்டிருந்த பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மக்களே, இங்க நெய்மீன் வராது, அதை நான் பொய் சொல்லமாட்டேன். நூலை இறுக்கிப் பிடிக்காத, விரல்ல சும்மா வச்சுக்கோ, கொத்தினா உனக்கே தெரியும்" என்றார். அவன் இழுத்தது உள்ளங்கையளவுக் கிளாத்தி ஒன்று. அதன் முதுகில் விறைத்து நின்ற முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காததையும், அதற்குப் பின்னால் இருக்கும் சிறிய முள்ளை விரலால் தொட்டு அழுத்தினால் பெரிய முள் தானாகப் படுத்துவிடுவதையும் அவர் காட்டியபோது, பேரன் நெய்மீனையே மறந்துவிட்டான். அடுத்த ஒருமணி நேரம் அவனும் அவன் அப்பாவும் வேறொன்றும் கேட்கவில்லை. தங்கள் விளம்பரம் அந்தப் பிள்ளையின் மனத்தில் ஏற்றிவைத்ததை, ஒரு வள்ளக்காரர் ஐந்து நிமிடத்தில் இதமாக இறக்கிவைத்தார். அப்படிப்பட்டவர் மீது பழியைத் தள்ளப் பார்ப்பது முறையன்று. என் புகாரின் பெயரால் அவருடைய கூலியிலோ வேலையிலோ ஏதேனும் கைவைக்கப்பட்டால் அதையும் இப்புகாரின் ஒரு பகுதியாகவே கருதுவேன்.

பிறகு அந்த மதியச் சாப்பாடு. "நீங்கள் பிடித்த மீனை உங்கள் கண்முன்னே சமைத்துத் தருவோம்" என்பது தங்கள் வாக்குறுதி. எங்கள் வள்ளத்தில் ஏறியவை சில கிளாத்திகளும் ஒரு சிறிய களவாவும் மட்டுமே. கரை சேர்ந்ததும் அவற்றை வாங்கிக்கொண்டு போனவர்கள், ஒருமணி நேரம் கழித்து அயிலை வறுவலும் மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தார்கள். பேத்தி "இது அண்ணன் பிடிச்ச மீனா?" என்று கேட்டதற்குப் பரிமாறியவர் தயங்காமல் ஆமாம் என்றார். கிளாத்திக்குத் தோலை உரித்தாக வேண்டும். அயிலையைத் தோலோடுதான் வறுப்போம். குமரி மாவட்டத்துக்காரனின் தட்டில் இரண்டையும் மாற்றி வைக்கலாம் என்று நினைத்ததே எனக்கு வேடிக்கையாக இருந்தது. சாப்பாடு சுவையாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. பிடித்த மீன் போதாவிட்டால் சந்தை மீன் தரப்படும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள்.

தங்கள் இணையப்பக்கத்தில் இப்போது ஜூன், ஜூலை மாதங்களுக்கும் அதே படத்துடன் முன்பதிவு திறந்திருப்பதைக் காண்கிறேன். மேற்குக் கடலோரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் காலம் அது. நாட்டுப்படகுகளை அந்தத் தடை கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. ஆயினும் தென்மேற்குப் பருவக்காற்றில் கரையலை எழும்பும் அந்த நாட்களில், கடலைப் பார்த்தறியாத குடும்பங்களைக் குழந்தைகளோடு வள்ளத்தில் ஏற்றுவதை எந்தத் துணிவில் விற்கிறீர்கள் என்று புரியவில்லை. அந்த மாதங்களுக்கான முன்பதிவை நிறுத்தும்படி, அல்லது குறைந்தபட்சம் பயணம் ரத்தாவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதைப் பணம் வாங்கும் முன்பே தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முழுக் கட்டணத்தையும் நான் திரும்பக் கேட்கவில்லை. வள்ளமும் எரிபொருளும் படகோட்டியின் உழைப்பும் எங்களுக்குக் கிடைத்தன. அவற்றுக்குரிய விலையைத் தர நான் கடமைப்பட்டவன். சொன்ன படகுக்கும் தந்த படகுக்கும் உள்ள வேறுபாடு, அறிவிப்பின்றித் தள்ளிவைத்ததால் ஏற்பட்ட வாடகைக் கார் செலவு, பொருந்தாத அங்கி ஆகியவற்றைக் கருதி 5,000 ரூபாயைத் திருப்பித் தரக் கோருகிறேன். அதைவிட முக்கியமாக, உண்மையில் பயன்படுத்தும் வள்ளத்தின் படத்தை வெளியிடவும், அந்தப் பருவத்தில் அந்தப் பாரில் வழக்கமாகக் கிடைக்கும் மீன்களின் பெயர்களை எழுதவும், வெட்ஜ் பேங்க் என்ற பெயரை நீக்கவும், குழந்தைகளுக்கான அளவில் உயிர்காப்பு அங்கி வாங்கும் வரை பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்றாதிருக்கவும் வேண்டுகிறேன்.

2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தையும் சேவைக் குறைபாட்டையும் தனித்தனியே வரையறுத்துள்ளது. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்பதையும் அச்சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன். கட்டண ரசீதின் நகல், விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, வாட்ஸ்அப் உரையாடல், பேத்தி அங்கி அணிந்து அமர்ந்திருக்கும் புகைப்படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தக்கலை.